இகோர் ஷ்டிமாட்ஸ்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

குரோஷியாவின் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர், பிறகு அந்நாட்டு அணியின் பயிற்சியாளர், 2019 மே முதல் 2024 ஜூன் வரை நம்ம இந்திய அணியின் பயிற்சியாளர். இவரைப் பற்றி என்ன வேணும்னாலும் கேளுங்க. ஒரே நிபந்தனை, ஃபிஃபா தரவரிசை எண்ணைத் தூக்கிட்டு வராதீங்க.

ஈரோட்டிலிருந்து: பெயர் ஸ்டிமாக்கா, ஷ்டிமாட்ஸா?
ஷ்டிமாட்ஸ். நம்ம பேப்பர்ல ஸ்டிமாக்னுதான் போடுவாங்க. ரெண்டும் ஒரே ஆள்தான்.

நெல்லையிலிருந்து: ஆட்டக்காரரா எப்படி சார்? யூடியூப்ல அவர் கத்துறது மட்டும்தான் கிடைக்குது.
இதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். 1987-ல் சிலியில் நடந்த உலக இளையோர் கோப்பையை ஜெயிச்ச யூகோஸ்லாவிய அணியில் இருந்தவர். ஹைடுக் ஸ்பிளிட் கிளப்பில் வளர்ந்து, ஸ்பெயினின் காடிஸ் கிளப்புக்குப் போய்த் திரும்பி, 1995 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் டெர்பி கவுண்டிக்கு வந்தார். முதல் ஆட்டம் டிரான்மியர் மைதானத்தில். அவரே கோல் போட்டார், அணி 1-5 தோத்தது. அதுக்கப்புறம் டெர்பி 20 லீக் ஆட்டம் தோல்வியே இல்லாம ஓடி, அந்த சீசனிலேயே பிரீமியர் லீக்குக்கு ஏறிடுச்சு.

1998 உலகக் கோப்பையில் மூணாவது இடம் பிடிச்ச குரோஷிய அணியிலும் உண்டு. காலிறுதியில் ஜெர்மனியை 3-0ன்னு அடிச்சாங்களே, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி யூரோ 96 காலிறுதியில் இதே ஜெர்மனிக்கு எதிரா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர் இவர். சிவப்பு அட்டையை மனசில் வைங்க, திரும்ப வரும்.

சேலத்திலிருந்து: 99-வது ரேங்க்குக்குக் கொண்டுவந்தாரே, அது சாதனை இல்லையா?
சொன்னேனே! 2023-ல் ஜெயிச்ச மூணு கோப்பையும் இம்பால், புவனேசுவரம், பெங்களூரு. மூணும் நம்ம மண். வீட்டுத் திண்ணையில் ஜெயிச்சுட்டு ஊரை ஜெயிச்சதா சொல்லக் கூடாது. அடுத்த ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை: ஆஸ்திரேலியா 0-2, உஸ்பெகிஸ்தான் 0-3, சிரியா 0-1. ஒரு கோல்கூட இல்லை.

சிங்கப்பூரிலிருந்து: பாகிஸ்தான் ஆட்டத்தில் பந்தைத் தட்டிவிட்ட கதை?
2023 ஜூன், பெங்களூரு, தெற்காசியக் கோப்பை. நாம 2-0 முன்னிலை, இடைவேளை நெருங்குது. பாகிஸ்தான் வீரர் நம்ம டக்அவுட் (பயிற்சியாளரும் மாற்று வீரர்களும் இருக்கிற இடம்) பக்கத்தில் நின்னு த்ரோ-இன் எறியப் பந்தைத் தூக்குறார். பின்னாடியிருந்து வந்த ஷ்டிமாட்ஸ் கையிலிருந்தே பந்தைத் தட்டிவிட்டார். தள்ளுமுள்ளு, சிவப்பு அட்டை. 4-0 ஜெயிச்சோம். தடை முடிஞ்சு குவைத் ஆட்டத்துக்கு வந்தவர் அங்கேயும் சிவப்பு வாங்கினார். இறுதிப் போட்டியில் கோட்டோரம் நின்னது உதவிப் பயிற்சியாளர் மகேஷ் காவ்லி.

சென்னையிலிருந்து: ஏன் நீக்கினாங்க?
உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போகலை. 2024 ஜூன் 17-ல் நீக்கிட்டாங்க.

மதுரையிலிருந்து: போகாததுக்குக் காரணம் தோஹாவில் அடிச்ச கள்ள கோல்தானே?
வந்துடுச்சு! 2024 ஜூன் 11. சாங்தே கோலில் நாம 1-0. 73-வது நிமிஷம் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிடுச்சு, கத்தார் வீரர் உள்ளே இழுத்தார், கோலுன்னு கொடுத்துட்டாங்க. விஏஆர், அதாவது வீடியோ பார்த்து முடிவு சொல்ற நடுவர், கிடையாது. தப்புதான், மறுக்கலை. ஆனா 85-ல் வந்த ரெண்டாவது கோல் சுத்தமானது. கள்ள கோலைக் கழிச்சு அது மட்டும் விழுந்திருந்தா 1-1, நமக்கு மொத்தம் 6 புள்ளி. நம்ம பிரிவில் ரெண்டாவது இடத்துக்கு நம்மோடு போட்டி போட்டு, அன்னிக்கு ஆப்கானிஸ்தானை ஜெயிச்ச குவைத்துக்கு 7. அப்பவும் வெளியேதான்.

மறுபடி மதுரை: 1-0ல இருக்கிற அணி ஆடுறதும், அநியாயமா கோல் வாங்கின அணி ஆடுறதும் ஒண்ணா? ரெண்டாவது கோலே வந்திருக்காது.
நல்ல அடி. கடைசிக் கால் மணி நேரம் வேற மாதிரி போயிருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா மார்ச் 26-ல் குவாஹாட்டியில் என்ன நடந்தது? கேப்டன் சுனில் சேத்ரியின் 150-வது ஆட்டம், அவரே பெனால்டியில் கோல் போட்டார், அப்புறம் ஆப்கானிஸ்தானிடம் 1-2. அதை ஜெயிச்சிருந்தா 8 புள்ளியோட தோஹாவில் தோத்தாலும் குவைத்துக்கு மேலே நின்னிருப்போம். நடுவரைத் திட்டுறதுக்கு முன்னாடி குவாஹாட்டியைத் திட்டுங்க.

கோவையிலிருந்து: மதுரைக்காரர் சொல்றதுதான் சரி. கோச்சுக்கு வீரர்களை எங்கே கொடுத்தாங்க? கிளப்புகள் விடலையே.
நீண்ட முகாம் வேணும்னு ஓயாம கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனா குறைஞ்ச முகாமோட 2023 நவம்பரில் குவைத்துக்கே போய், மன்வீர் கோலில் 1-0 ஜெயிச்சாரே? என் கணக்கில் அவரோட அஞ்சு வருஷத்தில் அதுவும், 2019-ல் சேத்ரி இல்லாம தோஹாவில் எடுத்த 0-0வும்தான் உச்சம். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் அவர் அணி நல்லா ஆடும். ஜெயிச்சே ஆகணும்னு வந்தா கை நடுங்கும்.

நாகர்கோவிலிலிருந்து: நம்ம பசங்களுக்கு வாய்ப்புக் கொடுத்தாரா?
கொடுத்தார். உங்க மாவட்டத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், ஷ்டிமாட்ஸின் முதல் ஆட்டத்திலேயே, 2019 கிங்ஸ் கோப்பையில் குராசோவுக்கு எதிரா அறிமுகம். அடுத்த வருஷம் முழங்கால் காயம் குறுக்கே வந்தது. சென்னை நந்தகுமாரும் 2023-ல் இவர் காலத்தில்தான் அணிக்குள் வந்தார்.

திருச்சியிலிருந்து: ஏன் நீக்கினாங்க?
மேலே இருக்கு.

பெயர் போடாதவர்: ஜோசியர் விஷயம்?
பேப்பரில் படிச்சிருப்பீங்க. நான் பந்துக்கு மட்டும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து: குரோஷியாவுக்குப் பயிற்சியாளரா இருந்தபோது செர்பியாவோடு ஆடினது பற்றிச் சொல்லுங்கோ.
அதுக்கு 1991 மேக்குப் போகணும். யூகோஸ்லாவியக் கோப்பை இறுதி, பெல்கிரேட். ஹைடுக் 1-0ன்னு ரெட் ஸ்டாரை ஜெயிச்சது. ஷ்டிமாட்ஸும் எதிரணி சினிஷா மிஹைலோவிச்சும் ஒரே ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டாங்க. நாடே உடைஞ்சுக்கிட்டிருந்த நேரம், பகை வருஷக்கணக்கில் நீண்டது. 2013 மார்ச்சில் ஜாக்ரெபில் ரெண்டு பேரும் எதிரெதிர் பயிற்சியாளர்கள். மன்ஜுகிச், ஓலிச் கோல் போட குரோஷியா 2-0. ஆனா அக்டோபரில் கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்திடம் 0-2. உடனே பதவி போச்சு. பிளே-ஆஃபில் ஐஸ்லாந்தைத் தாண்டி அணியை பிரேசிலுக்குக் கூட்டிப்போனது நிகோ கோவாச்.

வேலூரிலிருந்து: சார், ரேங்க்...
போதும்யா.

மறுபடி மதுரை: குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானின் ரெண்டாவது கோல் 88-வது நிமிஷம் பெனால்டி. அதுக்கும் கோச்தான் பொறுப்பா?
அதுக்கு முன்னாடி 70-வது நிமிஷம் சமன் ஆச்சு. ஜெயிக்க 18 நிமிஷம் இருந்தது. அந்த 18 நிமிஷத்துக்குத்தான் நான் பொறுப்புக் கேட்கிறேன்.