1951 பேஸ்பால் சீசன்: கேள்வி பதில்

பேஸ்பால் பற்றி எழுதும்போதெல்லாம் 1951 பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். நியூயார்க் ஜயன்ட்ஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் முட்டி மோதிய ஆண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசி அடியிலிருந்து கதையைத் தொடங்காதீர்கள். ஆகஸ்டிலிருந்து வாருங்கள்.

கேள்வி: எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அந்த வருஷம் அப்படி என்ன விசேஷம், சார்?

அப்போது நேஷனல் லீக்கில் எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 154 ஆட்டங்கள். அரையிறுதி, கால் இறுதி எதுவும் கிடையாது. பட்டியலில் முதலிடம் பிடிப்பவர்தான் நேராக, அமெரிக்கன் லீக்கின் முதல் அணியோடு மோதும் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போவார். ஆகஸ்ட் 11 அன்று ஜயன்ட்ஸ், முதலிடத்திலிருந்த டாட்ஜர்ஸைவிட 13 ஆட்டங்கள் பின்தங்கி இருந்தது. அந்த இடைவெளியில் இருக்கும் அணியை யாரும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து தொடர்ந்து 16 வெற்றி. மீதமிருந்த 44 ஆட்டங்களில் 37 வெற்றி, 7 தோல்வி.

கடைசி நாள் செப்டம்பர் 30. ஜயன்ட்ஸ் பாஸ்டனில் 3-2 என்று ஜெயித்துவிட்டது. டாட்ஜர்ஸோ ஃபிலடெல்ஃபியாவில் ஒரு கட்டத்தில் 6-1 என்று பின்தங்கிக் கிடந்தது. தோற்றால் சீசன் அவ்வளவுதான். எப்படியோ சமன் செய்து ஆட்டத்தை வழக்கமான ஒன்பதைத் தாண்டிக் கூடுதல் இன்னிங்ஸுக்கு இழுத்தார்கள். 12ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் (ரன் எடுக்க ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்கள்) எதிரணி ஆள். தரையை ஒட்டிச் சீறி வந்த பந்தை டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் பாய்ந்து பிடித்தார். விழுந்த வேகத்தில் முழங்கை வயிற்றில் குத்தி, மூச்சுத் திணறி அப்படியே கிடந்தார். அதே மனிதர் 14ஆவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டும் அடி) அடித்து 9-8 என்று ஜெயிக்க வைத்தார். இரண்டு அணிக்கும் 96 வெற்றி, 58 தோல்வி. என்னைக் கேட்டால், அந்த சீசனின் மிகச் சிறந்த ஆட்டம் இதுதான். மூன்று நாள் கழித்து நடந்தது இதை மறைத்துவிட்டது.

கேள்வி: பாபி தாம்சன் அடித்த அந்த ஹோம் ரன் பற்றி விரிவாகச் சொல்லுங்களேன்.

சமனானதால் முதலிடத்தைத் தீர்க்க மூன்று ஆட்டப் பிளேஆஃப். முதல் ஆட்டம் ஜயன்ட்ஸுக்கு 3-1, இரண்டாவது டாட்ஜர்ஸுக்கு 10-0. மூன்றாவது அக்டோபர் 3, ஜயன்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் கடைசியாக மட்டை பிடிக்க வரும்போது டாட்ஜர்ஸ் 4-1 முன்னிலை.

டாட்ஜர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) டான் நியூகம் களைத்துப்போயிருந்தார். ஜயன்ட்ஸின் ஆல்வின் டார்க் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை சேர்க்கும் அடி) அடித்தார். மூன்று ரன் முன்னிலை இருக்கும்போது அந்த ஓட்டக்காரரைக் காவல் காக்கத் தேவையே இல்லை. ஆனாலும் டாட்ஜர்ஸின் கில் ஹாட்ஜஸ் முதல் பேஸை ஒட்டியே நின்றார். அவருடைய வலப்பக்கம் திறந்து கிடந்தது. டான் முல்லர் அந்த இடைவெளியில்தான் பந்தைத் தட்டினார். எனக்கு இந்தச் சின்ன விஷயம்தான் அந்த இன்னிங்ஸின் திருப்பம். மான்டி இர்வின் அவுட். வைட்டி லாக்மன் டபுள் (இரண்டாவது பேஸ் வரை சேர்க்கும் அடி) அடிக்க, 4-2. மூன்றாவது பேஸுக்குச் சறுக்கிய முல்லரின் கணுக்கால் பிசகி, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போது டாட்ஜர்ஸ் மேலாளர் சக் டிரெசன் அடுத்த பிட்சர் யார் என்று பயிற்சிப் பகுதியைக் கேட்டார். கார்ல் எர்ஸ்கினின் பந்து தரையில் குத்துகிறது என்று பதில் வந்தது. அதனால் வந்தவர் ரால்ஃப் பிராங்கா, சட்டை எண் 13. முதல் பந்து ஸ்ட்ரைக். இரண்டாவது பந்து உடலை ஒட்டி, கொஞ்சம் உயரமாக வந்தது. தாம்சன் அடித்தது இடதுபுறம் தாழ்வாகவே பறந்து ரசிகர்கள் நடுவே விழுந்தது. 5-4. டாட்ஜர்ஸ் ஆட்கள் தலை குனிந்து வெளியேற, ராபின்சன் மட்டும் நின்று, தாம்சன் ஒவ்வொரு பேஸையும் மிதிக்கிறாரா என்று கடைசி வரை பார்த்தார்.

கேள்வி: வில்லி மேஸ் அன்று ஆடினாரா?

ஆடினார். வயது 20, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். தாம்சனுக்கு அடுத்து மட்டை பிடிக்கக் காத்திருந்தவர் அவர்தான்.

கேள்வி: ஜயன்ட்ஸ் தொலைநோக்கி வைத்து ஏமாற்றியது என்கிறார்களே, உண்மையா?

தொலைநோக்கி உண்மை. போலோ கிரவுண்ட்ஸில் வீரர்களின் அறை, மட்டை பிடிப்பவருக்கு நேர் எதிரே உள்ள சென்டர் ஃபீல்டுக்குப் பின்னால் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து, எந்த மாதிரி பந்து வீச வேண்டும் என்று எதிரணி கேட்சர் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) தன் பிட்சருக்குக் காட்டும் விரல் சைகையைப் பார்ப்பார்கள். பஸ்ஸர் மூலம் மைதான ஓரத்துக்குத் தகவல் வரும். அங்கிருந்து மட்டை பிடிப்பவருக்கு ஒரு சைகை. 2001இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை வெளியிட்டபோது, அந்த அணியின் பழைய வீரர்கள் சிலரே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு பந்துக்குத் தனக்குச் சைகை வரவில்லை என்றே தாம்சன் சொல்லிவந்தார்.

கேள்வி: அப்படியானால் பட்டமே திருட்டுப் பட்டம்தானே, அண்ணா? இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது தம்பி. தொலைநோக்கி போலோ கிரவுண்ட்ஸில் மட்டும்தான். கடைசி நாள் வெற்றி பாஸ்டனில் வந்தது. பிளேஆஃப் முதல் ஆட்டம் புரூக்ளினில் நடந்தது. அதிலும் பிராங்காவின் பந்தில் தாம்சன் ஹோம் ரன் அடித்தார். இரண்டாவது ஆட்டம் போலோ கிரவுண்ட்ஸில்தான். அங்கே 10-0 என்று உதை வாங்கினார்கள். பந்து எப்படி வரும் என்று தெரிவது ஒன்று, அதை அடிப்பது வேறு.

கேள்வி: (அதே நண்பர்) 154 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி சைகையால் வந்திருந்தாலும், அது இல்லாவிட்டால் சமன் ஆகியிருக்காதே?

இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. இவ்வளவு நெருக்கமான பந்தயத்தில் ஒரு ஆட்டம் போதும். தொலைநோக்கிக்கு அன்றைய விதிகளில் தடை இல்லை என்பதும் உண்மை, அதை அவர்கள் ஒளித்துத்தான் செய்தார்கள் என்பதும் உண்மை. சரியான செயல் என்று நான் சொல்லவே மாட்டேன். 37 வெற்றியையும் ஒரு குழாயின் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

கேள்வி: ரேடியோ வர்ணனை இன்றும் கேட்கக் கிடைக்கிறதே, நிலையம் பதிவு செய்ததா?

இல்லை. ஜயன்ட்ஸ் பட்டம் வென்றுவிட்டது என்று ரஸ் ஹாட்ஜஸ் திரும்பத் திரும்பக் கத்தியது, ஒரு ரசிகர் வீட்டு டேப் ரெக்கார்டரால் பிழைத்தது. அவர் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், கடைசிப் பகுதியைப் பதிவு செய்யும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாவுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

கேள்வி: தொலைநோக்கி விஷயம் நிஜமா?

மேலே இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: குள்ளமான ஒருவர் மட்டை பிடித்தாராமே?

அது அமெரிக்கன் லீக், ஆகஸ்ட் 19. செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் உரிமையாளர் பில் வெக், 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கேடலை இறக்கினார். சட்டை எண் 1/8. நான்கு பந்தும் உயரமாகத் தவறிப் போக, விதிப்படி நடந்தே முதல் பேஸுக்குப் போனார்.

கேள்வி: அந்த வருஷத்து மேஸ் அட்டை (ரசிகர்கள் சேகரிக்கும் வீரர் படம்) என்ன விலை போகும்?

விலை என் துறை இல்லை. ஏல நிறுவனங்களைக் கேளுங்கள்.

கேள்வி: வேர்ல்ட் சீரிஸ் யாருக்கு?

அமெரிக்கன் லீக்கின் யாங்கீஸ், 4-2. ஜோ டிமாஜியோவுக்கு அதுவே கடைசி சீசன்.

கேள்வி: தொலைநோக்கி இருந்தும் இரண்டாவது ஆட்டத்தில் ஏன் தோற்றார்கள்?

டாட்ஜர்ஸின் கிளெம் லபைன் அன்று பிரமாதமாக வீசினார். தொலைநோக்கி பற்றி இதோடு நிறுத்திக்கொள்வோம். பிராங்காவைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேள்வி: சரி, நான் கேட்கிறேன். பிராங்கா என்ன ஆனார்?

நன்றி. 1947இல், 21 வயதில், 21 வெற்றி எடுத்தவர் அவர். அன்று ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அறைப் படிக்கட்டில் குப்புறக் கிடந்தார். முதுகில் 13 என்ற எண் தெரிகிற அந்தப் படம் இன்றும் இருக்கிறது. ஜயன்ட்ஸ் சைகை திருடியது 1950களிலேயே அவர் காதுக்கு வந்துவிட்டது. பல பத்தாண்டுகள் அதை அவர் வெளியே பேசவில்லை. தாம்சனோடு நண்பராகவே பழகினார்.

அன்று மாலை, திருமணம் நிச்சயமாகியிருந்த பெண் காரில் காத்திருந்தார். கூடவே அந்தப் பெண்ணின் உறவினரான ஒரு பாதிரியார். ஏறி உட்கார்ந்ததும் பிராங்கா அவரிடம் கேட்டது: "ஏன் எனக்கு?" இதைத் தாங்கும் அளவுக்கு உன் விசுவாசம் உறுதியானது என்று கடவுளுக்குத் தெரியும் என்றார் பாதிரியார். பதினேழு நாள் கழித்து, அக்டோபர் 20 அன்று, அவர்கள் கல்யாணம் நடந்தது.