மலையில் இருந்தால் டிபி வராதா? வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர்: நீலகிரியில் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கோத்தகிரி வாசகர்: மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லது என்கிறார்கள். இங்கேயும் டிபி வருமா?

தாராளமாக வரும். காற்று வெளியேதானே நன்றாக இருக்கிறது? ஆடிச் சாரலில் எஸ்டேட் லைன் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணியைத் திணித்து, ஒரே அறையில் குடும்பம் முழுக்கப் படுத்திருக்கும். மூலையில் விறகடுப்புப் புகை வேறு. அதில் ஒருவர் இருமினால் போதும். குளிர் நோயைத் தராது; குளிருக்குப் பயந்து அடைத்த அறைதான் தரும். ஒரு காலத்தில் நோயாளிகளைக் காற்றுக்காகவே சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் சென்னை ஆய்வு காட்டியது. உலகம் முழுக்க அந்தக் கட்டில்கள் காலியாக அதுவும் ஒரு காரணம்.

குன்னூர் வாசகர்: நம் நாட்டில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது?

உலகில் புதிதாக டிபி வரும் நாலு பேரில் ஒருவர் இந்தியர். 2019-21 தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதைத் தாண்டியவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருந்தது. அறிகுறி இருந்தவர்களில் பாதிக்கு மேல் எந்த டாக்டரிடமும் போகவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

கூடலூர் வாசகி: எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தோம். தம்பிக்கு மட்டும் ஏன் வந்தது?

கிருமி உங்கள் உடம்பிலும் இருக்கலாம், தூங்கிக்கொண்டு. தொற்றியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் அது வாழ்நாளில் நோயாகிறது. எழுப்பிவிடுவது பெரும்பாலும் அரைவயிறு. காலையில் டீயும் வர்க்கியும், அப்புறம் மத்தியானம் வரை பட்டினி என்று கொழுந்து பறிக்கிறவர்கள் எத்தனை பேர்! ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. முடிவு 2023-இல் வந்தது. சர்க்கரை நோய், குடி, பீடி, எச்ஐவி எல்லாமே ஆபத்தைக் கூட்டும். தம்பிக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

பந்தலூர் வாசகர்: அப்பாவுக்கு மாத்திரை தொடங்கி ரெண்டு மாதம். இருமல் நின்றுவிட்டது, சிறுநீர்தான் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தவே கூடாது. அந்த நிறம் ரிஃபாம்பிசின் மாத்திரையால் வருவது, பயமில்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, சோறு கண்டாலே குமட்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வழக்கமான டிபிக்கு ஆறு மாதம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும்; அதற்கான சிகிச்சை இதைவிடக் கடினம். அப்புறம், சத்துணவுக்கென்று அரசு தரும் மாதம் 1000 ரூபாய் அப்பா வங்கிக் கணக்கில் வருகிறதா? வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாஸ்புக்கைக் காட்டிக் கேளுங்கள்.