டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் கணக்குகளுக்கு எக்ஸ் போட்டுத் தீர்ப்பதா, குறுக்குவழியா?

இரண்டும் வேண்டும். ஆனால் சூத்திரமாக மனப்பாடம் செய்யும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் புரிந்த குறுக்குவழி மட்டும் போதும்.

ஒரு வயதுக் கணக்கு: தந்தையின் வயது மகனைப் போல 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்கு. மகனின் வயது என்ன? மகன் வயதுக்கு எக்ஸ் போட்டால் 3x + 12 = 2(x + 12), x = 12. மனதில் செய்தால் இப்படி: வயது வித்தியாசம் எப்போதும் மாறாது. இப்போது அது மகன் வயதைப் போல 2 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து அப்போதைய மகன் வயதுக்குச் சமம். அப்படியானால் அந்த 12 ஆண்டுகளில் மகன் வயது இரட்டிப்பாகிறது, அதாவது இப்போது 12. பேனாவே தேவையில்லை. கேள்வியில் கொடுத்திருக்கும் விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதும் இங்கே நல்ல வழிதான்.

சிக்கல் எங்கே வரும் தெரியுமா? சராசரி வேகத்தில். போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. வேகம் என்றால் 2xy/(x+y) படி 48 (இங்கே x, y இரண்டு வேகங்கள்). சரி. ஆனால் "முதல் ஒரு மணி நேரம் 40, அடுத்த ஒரு மணி நேரம் 60" என்று கேட்டால் விடை 50. அந்தச் சூத்திரம் தூரம் சமமாக இருந்தால்தான் பொருந்தும். நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இதில் மதிப்பெண்ணை விடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

அதனால் வீட்டில் பயிற்சி செய்யும்போது முதலில் சமன்பாடு எழுதுங்கள். அப்புறம் அதில் எந்தப் படியை மனதிலேயே தாண்டலாம் என்று பாருங்கள். தேர்வில் கேள்வி பழகியதாக இருந்தால் குறுக்குவழி. வாக்கியம் கொஞ்சம் மாறியிருந்தால் தயங்காமல் எக்ஸ் போடுங்கள்.