வைட்டமின் டி மாத்திரை போட்டால் தூக்கம் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 44. உயரம் 165 செ.மீ., எடை 96 கிலோ. படுத்ததும் தூங்கிவிடுகிறேன். ஆனால் இரவில் நான்கைந்து முறை விழிப்பு வந்துவிடுகிறது, பகலெல்லாம் அசதி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்தது. தூக்கம் கெடுவதற்கு இதுதான் காரணமா? மாத்திரை போட்டால் எடையும் குறையுமா?

பதில்: ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு என்றே பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். ஆகவே 14 என்பதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் உங்கள் தூக்கக் கோளாறுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் டி அல்ல, எடை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் குறியீடு) 35-ஐத் தாண்டியிருக்கிறது, அது உடல் பருமன்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்பு கூடும்போது அது அங்கேயும் பரவித் தங்கிவிடுவதால், ரத்தத்தில் அளவு குறைவாகத் தெரியும். ஒரே அளவு உப்பைப் பெரிய பாத்திரத் தண்ணீரில் கரைத்ததுபோல. எடை கூடினால் வைட்டமின் டி குறைகிறது. வைட்டமின் டி குறைவதால் எடை கூடுவதாக மரபணு ஆய்வுகளில் தெரியவில்லை. அதனால் மாத்திரை எடையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. இந்த வைட்டமின் குறைந்தவர்களில் பலருக்குத் தூக்கம் குறைவாகவும் தரமில்லாமலும் இருக்கிறது. ஆனால் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. குறைபாடு கடுமையாகி எலும்பு வலி, தசை வலி வந்து, அந்த வலியே எழுப்பிவிடுகிறது என்றால் மாத்திரை நன்றாக உதவலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்குக் கவலை வேறு: ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய். கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு மூச்சுப்பாதையைச் சுருக்கிவிடும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது பாதை அடைபடும், ஆக்சிஜன் இறங்கும், மூளை உங்களை எழுப்பும். இது இரவு முழுக்க நடக்கும். பல விழிப்புகள் காலையில் நினைவில்கூட இருக்காது. பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, இடையில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் உள்ளவர்களிடம் கேளுங்கள். காலைத் தலைவலி, வாய் வறட்சி, உயர் ரத்த அழுத்தம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். மருத்துவரிடம் சொல்லித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பலருக்கு வீட்டிலேயே செய்துவிடலாம். அதுவரை நீங்களாகத் தூக்க மாத்திரை போட வேண்டாம். இரவில் மதுவும் வேண்டாம், அது மூச்சுத் தடையைக் கூட்டும். தூக்கம் அழுத்தும்போது தயவுசெய்து வண்டி ஓட்டாதீர்கள்.

ஆப்னியா உறுதியானால், தூங்கும்போது முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி அன்றாட அசதியைப் பெரிதும் குறைக்கும். எடையில் 10 சதவீதம், அதாவது உங்களுக்கு ஒன்பது பத்து கிலோ குறைந்தாலே மூச்சுத் தடைகள் சுமார் கால் பங்கு குறையலாம். தூக்கம் கெட்டால் பசி கூடும். அதனால்தான் பலருக்கு எடை இறங்குவதில்லை. மன உறுதி இல்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

அப்புறம், அந்த மாத்திரை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நீங்களாக ஒரு நாளைக்கு 4,000 ஐ.யு.வை (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) தாண்டாதீர்கள், மிகையானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். சிறுநீரகக் கல் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால் நன்றாக உறிஞ்சப்படும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கப் பரிசோதனையை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.