மீன்தொட்டி கேள்வி – பதில்: நாலடித் தொட்டியில் 'சுறாக் குஞ்சு'

கேள்வி: அண்ணா, கண்டியில் ஒரு கடையில் 'சுறாக் குஞ்சு' என்று சொல்லி மகனுக்கு இரண்டு மீன் வாங்கினோம். அப்போது விரல் நீளம்தான். இப்போது ஒவ்வொன்றும் ஓர் அடியைத் தாண்டிவிட்டது. எங்களிடம் இருப்பது நாலடித் தொட்டி. லைட்டைப் போட்டதும் பாய்ந்து கண்ணாடியில் மோதுகின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். விடலாமா?
– வாசகி, நோர்வூட்

பதில்: விடவே விடாதீர்கள், தங்கச்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களிடம் இருப்பது என்ன மீன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இது சுறா இல்லை. மேகொங் ஆற்றுக் கெளுத்தி, பங்காசியஸ். சூப்பர் மார்க்கெட்டில் 'பாசா' என்று எலும்பில்லாத வெள்ளைத் துண்டாகக் கிடைப்பது பெரும்பாலும் இதன் சதைதான். நன்றாக வளர்ந்தால் 130 சென்டிமீட்டர் வரும், அதாவது 4 அடி 3 அங்குலம். உங்கள் தொட்டியே நாலடிதான்!

'தொட்டி சின்னதென்றால் மீனும் சின்னதாகவே இருக்கும்' என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். தொட்டியைப் பார்த்து எந்த மீனும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதில்லை. கழிவு சேர்ந்த தண்ணீரில் கிடந்து குன்றிப்போகிறது, முதுகெலும்பு வளைகிறது, ஆயுளுக்கு முன்பே சாகிறது.

கண்ணாடியில் மோதுவதற்கும் காரணம் உண்டு. இது கூட்டமாக நீண்ட தூரம் நீந்துகிற மீன். கண் பார்வை மந்தம், சட்டென்று மிரளும். மூக்கு நுனியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தோலுரிந்து வெளுத்திருந்தாலோ, மீசை குட்டையாகித் தேய்ந்திருந்தாலோ பல நாளாக மோதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளே கல், அலங்காரம் எதுவும் வேண்டாம். மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். அறை லைட்டை முதலில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி லைட்டைப் போடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

அப்புறம் தண்ணீர். ஒன்றரை அடி அகலமும் உயரமும் என்று வைத்தால் உங்கள் தொட்டியில் 255 லீற்றர் பிடிக்கும். இரண்டு பெரிய மீன் போடும் கழிவுக்கு அது எந்த மூலைக்கு? கிழமைக்கு ஒரு தடவையாவது மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டும். ஆனால் நம்ம மலையூரின் குளிர்ந்த பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றினால் குளிர் தாக்கி, உடம்பெல்லாம் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்துவிடும். இந்த மீனுக்கு 22 முதல் 26 பாகை வேண்டும். வெந்நீர் கலந்து, வெப்பமானி வைத்துப் பார்த்தே ஊற்றுங்கள். டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினையும் முறிக்க வேண்டும்.

இதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான். இந்த மீனுக்கு வேண்டியது கீழ்நாட்டில் பெரிய குளம், அதுவும் ஓடையோடு சேராத குளம். கினிகத்தேனையில் நெக்டாவின் (தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) மீன் வளர்ப்பு நிலையம் இருக்கிறது. யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அங்கே கேளுங்கள். கொண்டுபோவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில், பற்றரி எயர் பம்ப் வைத்துக் கொண்டுபோங்கள்.

இனி காசல்ரீ. அங்குள்ள குளிரில் உங்கள் மீன் தவித்துச் சாகலாம். சாகாவிட்டால் அதைவிட மோசம். காசல்ரீ இருப்பது கெசல்கமு ஓயாவில். அந்த ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கீழே போகப் போகத் தண்ணீர் சூடாகும், மீனுக்கும் வசதியாகும். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிவிட்டு வெளியே விட்ட 'டேங்க் கிளீனர்' மீன் இன்று நம் குளங்களில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. வேறெங்கும் இல்லாத சின்னச் சின்ன மீன்கள் நம் ஓடைகளில் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னொரு எதிரியைக் கொண்டுவந்து விட நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 12 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி அரபைமா வளர்க்க ஆசை. சரிவருமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: சரிவராது. அரபைமா அமேசன் மீன், இரண்டு மீற்றரைத் தாண்டும். ஆறடி அகலத்தில் அது திரும்பவே சிரமப்படும். உங்கள் தொட்டியில் சுமார் 6,100 லீற்றர் பிடிக்கும். அதை 10 பாகை சூடாக்க மட்டும் 70 யூனிட் மின்சாரம் வேண்டும். திறந்த தொட்டி என்பதால் இரவெல்லாம் அந்தச் சூடு போய்க்கொண்டே இருக்கும். மின்வெட்டு வந்தால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: அப்படியென்றால் குளிர் ஊரில் பெரிய மீனே வளர்க்க முடியாதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: முடியும், கோய் என்கிற வண்ணக் கெண்டை மீன் வளருங்கள். ஹீட்டரே வேண்டாம், தை மாதக் குளிரையும் தாங்கும். ஆனால் இரண்டடிக்கு மேல் வளரும் என்பதால் கண்ணாடித் தொட்டி ஆகாது. நாலடி ஆழத்தில் குளம் கட்டி, நல்ல பில்டர் போட்டு, கொக்கு இறங்காமல் மேலே வலை கட்டுங்கள். குளிர் நாட்களில் தீனியைக் குறைத்துவிடுங்கள். மழைக்கு நிரம்பி வழிந்தால் மீன் ஓடைக்குப் போகாதபடி வடிகால் வாயிலும் வலை வேண்டும்.