நான்கு பெயர்களில் ஒரு படகு

அன்புள்ள ஐயா,

'டபிள்யூ. பி. ஸ்னைடர் ஜூனியர்' என்ற அமெரிக்க நீராவிப் படகு நான்கு பெயர்களில் ஓடியது என்று எழுதியிருந்தீர்கள். முதலாளி மாறும்போதெல்லாம் பெயரும் மாறியதா? இன்னொன்று. இழுவைப் படகு என்கிறீர்கள். படத்தில் பார்ஜ்கள், அதாவது சரக்கு ஏற்றும் தட்டைப் படகுகள், அதற்கு முன்னால் அல்லவா நிற்கின்றன?

க., திருச்சி

அன்புள்ள க.,

நீங்கள் கவனித்தது சரி. 'இழுவை' என்பது பேச்சுக்குத்தான். அந்தப் படகு இழுத்ததே இல்லை, தள்ளியது. பிரம்மாண்டமான துடுப்புச் சக்கரம் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும்போது வடத்தை எங்கே கட்டுவது? கட்டினாலும், வளைந்து ஓடும் ஆற்றில் பின்னால் வரும் பார்ஜ்கள் நீரோட்டத்தோடு திசைக்கொன்றாக ஒதுங்கும். எனவே பார்ஜ்களை ஒட்டி நிறுத்தி, எஃகு வடத்தால் பிணைத்து, தளர்ச்சியே இல்லாமல் முறுக்கி இறுக்குவார்கள். படகின் முகப்பு தட்டையானது. அதில் செங்குத்தாக நிற்கும் இரண்டு எஃகுத் தாங்கிகளுக்கு அங்குள்ள படகுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'முழங்கால்'. அந்த முழங்கால்களைப் பார்ஜின் பின்புறத்தில் அழுத்திக்கொண்டு, மொத்தக் கூட்டத்தையும் ஒரே கலமாக நகர்த்திச் செல்லும். மோனோங்கஹேலா ஆற்றில் பல ஆண்டுகள் அது இப்படித் தள்ளியது நிலக்கரியை.

இனி பெயர்கள். 1918-ல் பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ரீஸ் அண்ட் சன்ஸ், கார்னகி எஃகு நிறுவனத்துக்காகக் கட்டிக் கொடுத்தபோது அது 'டபிள்யூ. எச். கிளிங்கர்மேன்'. 1938-ல் 'ஜே. எல். பெர்ரி'. 1945-ல் 'ஏ-1' என்று வெறும் எழுத்தும் எண்ணும். அதே ஆண்டு ஆகஸ்டில் குரூசிபிள் எஃகு நிறுவனம் வாங்கி, ஸ்னைடர் பெயரை வைத்தது. உழைத்த காலத்தில் படகு விற்கப்பட்டது அந்த ஒரு முறைதான். அதற்கு முந்தைய பெயர் மாற்றங்கள் விற்பனையால் வந்தவை அல்ல.

1953 செப்டம்பரில் அதைக் கரையில் கட்டிப்போட்டார்கள். டீசல் படகுகள் வந்துவிட்டிருந்தன; கொதிகலனுக்குத் தீ வளர்க்க ஆட்களைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டிய நீராவிப் படகு கட்டுப்படியாகாது. அதன் வகைப் படகுகள் ஏறத்தாழ எல்லாமே பழைய இரும்பாகப் போயின. இது தப்பியது, 1955-ல் குரூசிபிள் நிறுவனம் ஒஹாயோ வரலாற்றுச் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்ததால். மேரியெட்டா நகரில், மஸ்கிங்கம் ஆற்றில், காட்சிப் படகாயிற்று. 1989-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் கிடைத்தது. ஓர் இரும்பு வியாபாரியிடம் விலை பேசாமல் விட்ட அந்த முடிவுக்கு நான் மனமார நன்றி சொல்வேன்.

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. முப்பத்தைந்து ஆண்டு உழைப்பில் இருபது ஆண்டுகள் அது கிளிங்கர்மேன். ஸ்னைடராக இருந்தது கடைசி எட்டு ஆண்டுகள். கொடுத்தபோது எந்தப் பெயர் இருந்ததோ அதுவே நிலைத்துவிட்டது. அந்த இருபது ஆண்டுகளில் கொதிகலன் முன்னால் வெந்தவர்களும், மழையில் வடம் இறுக்கியவர்களும் தங்கள் பிள்ளைகளிடம் "கிளிங்கர்மேனில் வேலை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பழைய பெயரையும் படகின் பக்கவாட்டில், சிறிய எழுத்திலாவது, எழுதி வைக்க வேண்டும்.