பத்திரிகையை நானே அடிக்கலாமா?

கேள்வி: ஆவணி கடைசியில் எனக்குக் கல்யாணம். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை ஒன்றுக்கு 32 ரூபாய் கேட்கிறார்கள். 500 வேண்டும் என்கிறார் அப்பா. 16,000 ரூபாயை அட்டைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குக் கம்ப்யூட்டரில் ஓரளவு டிசைன் செய்யத் தெரியும். நானே செய்கிறேன் என்றால், "ஊர்ல நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: நாலு பேர் இருக்கட்டும். அந்த 500 எப்படி வந்தது என்று முதலில் அப்பாவிடம் கேளுங்கள். பெரும்பாலும் அது ஆட்களை எண்ணிய கணக்காக இருக்கும். பத்திரிகை வீட்டுக்கு ஒன்றுதான். வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்குமே, அதை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வீடாக எழுதுங்கள். நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைக்க வேண்டியவர்கள், தபாலில் போதும் என்பவர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டால் சந்தோஷப்படுகிறவர்கள் என்று பக்கத்திலேயே ஒரு குறி போடுங்கள். உங்கள் அலுவலக நண்பர்கள் முழுக்க மூன்றாவது வகைதான். போன் செய்ய மட்டும் மறக்கக் கூடாது. படத்தை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தால்தான் மனக்குறை வரும். எண்ணிக்கை 300-க்கு வந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

எல்லோரும் முதலில் டிசைன் செய்துவிட்டு அப்புறம் கவர் தேடுவார்கள். நீங்கள் கவரை முதலில் வாங்குங்கள். ஸ்டேஷனரி கடையில் 10-க்கு 4½ அங்குல நீளக் கவர் சாதாரணமாகக் கிடைக்கும். அதற்குள் 4-க்கு 9 அங்குல அட்டை இறுக்கமில்லாமல் போகும். டிஜிட்டல் பிரிண்ட் கடைகளில் ஓடும் பெரிய ஷீட் 13-க்கு 19 அங்குலம். அதில் 5-க்கு 7 அளவு அட்டையை ஒரே திசையில் அடுக்கினால் நான்குதான் வரும். 4-க்கு 9 என்றால் ஆறு. 300 அட்டைக்கு 75 ஷீட் ஆக வேண்டியது 50 ஷீட்டில் முடிந்துவிடும். ஷீட் 30 ரூபாய், கவர் 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டிங் கூலியையும் சேர்த்து மூவாயிரத்துக்குள் அடங்கும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபால் செலவிலும் இந்த அளவு கைகொடுக்கும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 300 கிராம் எடை) போர்டில் ஏ4 தாளை மடித்து அட்டை செய்தால் அதுவே 19 கிராமுக்குப் பக்கத்தில் வரும். கவரோடு சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். 4-க்கு 9 ஒற்றை அட்டை சுமார் 7 கிராம்தான். மடிப்பே இல்லாததால் மடிக்கும் இடத்தில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியுமே, அந்தத் தொல்லையும் கிடையாது.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் மட்டும் அடிக்காதீர்கள். என் தம்பி கல்யாணத்தின்போது அந்தப் புத்திசாலித்தனத்தை நான் செய்தேன். பார்க்க நன்றாகத்தான் வந்தது. சாயங்காலம் அம்மா மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தடவ உட்கார்ந்தார். ஈர மஞ்சள் பட்டதும் ஓரத்தில் இருந்த நீல எழுத்து கரைந்து, பச்சையாகக் கீழே இழுத்துக்கொண்டு போனது. போன இடத்தில் இருந்தது பெரியப்பா பெயர்! லேசர் பிரிண்டில் டோனர் என்கிற தூள் மை தாளோடு உருகி ஒட்டுவதால் தண்ணீருக்கு அசையாது. கடையில் அடித்தாலும் முதல் ஷீட்டை வாங்கி, மஞ்சளைத் தடவி, காய்ந்ததும் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மூலைகளில் மஞ்சள் வைக்க அரை அங்குலமாவது வெற்றிடம் விடுங்கள். கருநீலம், கறுப்பு அட்டையெல்லாம் போனில் அழகாகத் தெரியும், மஞ்சள்தான் அதில் தெரியாது.

டிசைனுக்கு ரெடிமேட் தாமரையையும் யானையையும் தேடிப் போக வேண்டாம். அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாளையும் கறுப்பு ஜெல் பேனாவையும் கொடுத்து, வாசலில் போடும் புள்ளிக் கோலம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதை ஸ்கேன் செய்து தலைப்பில் வையுங்கள். அப்படி ஒரு டிசைனை எந்தக் கடை ஆல்பத்திலும் பார்க்க முடியாது.

எழுத்துருவில் கவனம். யூனிகோடு எழுத்துருவையே எடுங்கள். கேட்டமரன், மீரா இனிமை, ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். சில டிசைன் மென்பொருள்களில் 'கொ' பிரிந்து கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும்; 'ஸ்ரீ' உடைந்துபோகும். முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி அதைக் கடைக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இனி, செலவே இல்லாத ஆனால் கல்யாணத்தையே கலக்கிவிடக்கூடிய விஷயம்: பெயர்கள். அட்டை 32 ரூபாயா 8 ரூபாயா என்று யாரும் மூன்று நாளுக்கு மேல் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே போனதை இருபது வருஷம் பேசுவார்கள். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே வரும் பட்டியலை நீங்களாக டைப் செய்யாதீர்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தங்கள் கையால், வரிசைப்படி, இனிஷியலோடு எழுதித் தரட்டும். காலமானவர்கள் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றா 'தெய்வத்திரு' என்றா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். சரிபார்த்த பிரதியில் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடட்டும். சிரிப்பார்கள், பரவாயில்லை.

சொந்தத்தில் யாருடைய பத்திரிகையையாவது மாதிரியாக வைத்துக்கொண்டால் ஒரு பொறி இருக்கிறது. இந்த வருஷம் தை மாதம் நடந்த கல்யாணப் பத்திரிகையில் 'விசுவாவசு வருஷம்' என்று இருக்கும். 2026 சித்திரையிலிருந்து 'பராபவ'. அறுபது வருஷப் பெயர் வேண்டாம் என்று நினைத்தால் திருவள்ளுவர் ஆண்டு 2057 போடலாம். தேதி, கிழமை, நட்சத்திரம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் நாள்காட்டியை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். கண்ணால் மட்டும் படித்தால் தப்பு தப்பாகத் தெரியாது.

உங்கள் இருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது பத்திரிகையையும் கேட்பார்கள். பத்து பிரதியை எடுத்து அம்மாவின் பீரோவில் வைத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பத்திரிகை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

மண்டபத்துக்கு வழி காட்டும் க்யூஆர் கட்டம் போட்டால் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் போட்டு, அடித்த அட்டையில் ஒருமுறை ஸ்கேன் செய்து பாருங்கள். அதன் பக்கத்திலேயே எந்த பஸ், எந்த ஸ்டாப் என்று ஒரு வரி. பெரியவர்களுக்கு அதுதான் வழி.

சரி, இனி அப்பா விஷயம். அவரிடம் வாதாட வேண்டாம், வேலை கொடுங்கள். குலதெய்வத்துக்கு, சம்பந்தி வீட்டுக்கு, தாய்மாமன்களுக்கு, நெருங்கிய உறவுக்கு என்று முப்பது அட்டைகளைத் தனியாக எடுங்கள். தையல் கடையில் பட்டு ஜாக்கெட் துணியில் விரற்கடை அகலத்துக்கு மிச்சம் விழுந்துகொண்டே இருக்கும். (வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்!) அந்த அரக்குப் பட்டு அல்லது ஜரிகைக் கரையை அட்டையின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் ஒட்டினால், 32 ரூபாய் அட்டை அதன் பக்கத்தில் நிற்காது. ஃபெவிகால் வேண்டாம், பட்டில் ஊறிக் கறை தெரியும். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போதும். ஒன்றை மட்டும் நீங்கள் செய்து, மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து அப்பா கையில் கொடுங்கள். மீதி இருபத்தொன்பதை அவரே வெட்டட்டும். கடையில் ஜிக்ஜாக் கத்தரி இருந்தால் அதில் வெட்டச் சொல்லுங்கள், ஓரம் சீக்கிரம் பிரியாது.